கிளியக்கா நின்ற பாட்டு

வெள்ளைச் சப்பாத்துக்குப் பூசுகிற வெள்ளைக்கு ஒரு மணம் இருக்கிறது. சுண்ணாம்பும் இல்லை, பவுடரும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. ஈரத்தோடு பூசி மதிலில் வெயிலுக்குச் சாய்த்து வைத்தால் காயக் காய அந்த மணம் ஏறும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அது வீசும். எனக்கு அந்த மணம் வந்தால் பள்ளிக்கூடம் நினைவுக்கு வருவதில்லை. அரியாலைக் கரையின் சேறும், தவமண்ணையின் கமராவும், நாங்கள் நாலு பேர் வரிசையாக நின்று ஆடிய ஒரு பாட்டும்தான் நினைவுக்கு வரும்.

பாட்டின் பெயர் "ஒருக்கா நில்லு". எங்கள் குழுவின் பெயர் "லகூன் போய்ஸ்". பெயரை வைத்தவன் கஜன். எங்கள் கரையில் இருப்பதை நாங்கள் கடல் என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கடனீரேரி என்று இருந்தது. அதையே இங்கிலீசில் சொன்னால் வெளிநாட்டுக் குழு மாதிரி இருக்கும் என்று கஜன் கண்டுபிடித்தான். அவனிடம் ஒரு கீபோட் இருந்தது. மெட்டும் அவனுடையதுதான். டிலக்சன் ஆடுவான். சுஜீவன் பாடுவான். நான் நாலாவது ஆள். குழு என்றால் நாலு பேராவது வேண்டும் என்று கஜன் சொன்னதால் என்னைச் சேர்த்தார்கள். இரண்டு இடத்தில் "ஓ" என்று இழுப்பதும், மற்ற நேரம் கையைக் கட்டிக்கொண்டு கமராவை முறைத்துப் பார்ப்பதும் என் வேலை. முறைப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

அப்போது நாங்கள் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தோம். சும்மா இருந்தது மூன்று பேர்தான். சுஜீவனுக்குத் தவணை வைத்திருந்தது. அவனுக்குத் தகப்பன் இல்லை. தாய் சாந்தியக்கா தைத்துத்தான் அவனை வளர்த்தார். வவுனியாவில் மாமனுக்கு இரும்புக்கடை. பரீட்சை முடிந்த கையோடு பெடியனை அனுப்பு, கடையில் நிற்கட்டும் என்று மாமன் போன் எடுத்தபடி இருந்தார். சுஜீவன் போகமாட்டேன் என்றான். பாடப்போகிறேன் என்றான். சாந்தியக்கா அவனை அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. மெசினை மிதித்தபடி சொன்னார்.

"உந்தப் பாட்டு ரி.வி.யிலை வந்தா நீ இஞ்சை நில். வராட்டி சித்திரை முடிய மாமாட்டைப் போ. பிறகு என்னோடை கதைக்கப்படாது."

ஆகவே பாட்டு ரி.வி.யில் வரவேண்டும். வருவதற்குப் பாட்டு மட்டும் போதாது, படமும் வேண்டும்.

பாட்டை நல்லூரில் ஒரு ரியூட்டரியின் பின்னறையில் பதிந்தோம். சுவரெல்லாம் முட்டை வைக்கிற மட்டை ஒட்டியிருந்தது. முன்பக்கம் கணிதப் பாடம் நடந்தபடியால் வகுப்பு விடும்வரை காத்திருந்து, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் படலை தாண்டிய பிறகு பாடினோம். சுஜீவன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். அவனுடைய குரல் அந்தச் சின்ன அறைக்குள் வேறு மாதிரி இருந்தது. என்ன மாதிரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் "ஓ" சொல்ல மறந்துபோனேன். திரும்பவும் எடுத்தார்கள்.

படத்துக்குத் தவமண்ணையைத் தவிர வேறு ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவர்தான் வீடியோ. சுஜீவனின் தாய் அவருடைய மகளின் சாமத்திய வீட்டுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவர் என்பதால் உடனே வருகிறேன் என்றார். ஆனால் அவருக்குத் தெரிந்தது கலியாண வீடியோ. அதை நாங்கள் யோசிக்கவில்லை. கமரா வைத்திருப்பவர் எல்லாவற்றையும் எடுப்பார் என்று நினைத்தோம்.

தவமண்ணைக்குத் தொழிலில் ஒரு சட்டம் இருந்தது. கமராவுக்கு முன்னால் வந்த ஆளை வெட்டக்கூடாது. தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு கலியாண வீடியோவில், நீளம் கூடிவிட்டது என்று மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவரை வெட்டிவிட்டாராம். சித்தப்பா ஜேர்மனியில் இருந்து வந்தவர். கொப்பி அங்கே போய், அவர் தன்னைத் தேடிப் பார்த்து, வேண்டுமென்றுதான் வெட்டுவித்திருக்கிறார்கள் என்று முடிவெடுத்து, இரண்டு குடும்பமும் கதை இல்லாமல் போய், பிள்ளை பிறந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லையாம். அன்றிலிருந்து தவமண்ணை ஒருவரையும் வெட்டுவதில்லை. சாப்பிடுகிற ஆள், கொட்டாவி விடுகிற ஆள், செருப்பைத் தேடுகிற ஆள், எல்லாரும் இருப்பார்கள்.

நாங்கள் நாலு பேரும் கறுப்புக் கண்ணாடி, கறுப்புச் சேட்டு, பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்து. வெள்ளைச் சப்பாத்து டிலக்சனின் யோசனை. காலாட்டம் தெரியவேண்டுமாம். முதல் நாள் எங்கள் வீட்டு மதிலில் நாலு சோடியையும் வரிசையாக வெள்ளை பூசிக் காயவைத்தோம். அம்மா விடிய எழும்பி, கரைக்குப் போகிற சனம் பார்த்துக்கொண்டு போக, இன்னொரு பூச்சுப் பூசிவிட்டார். அடுத்த நாள் பின்னேரம் கரைக்குப் போய்ப் பார்த்தால் தண்ணீர் வற்றி, கண்டல் பற்றை வரைக்கும் சேறு. தவமண்ணைக்கு அந்த இடம்தான் பிடித்துப்போனது. வெயில் சரிந்து சேற்றில் பட்டுப் பளபளத்தது. நில்லுங்கோ தம்பியவை, உதிலை நில்லுங்கோ என்றார். நின்றோம். முதல் ஆட்டத்திலேயே டிலக்சனின் கால் கணுக்கால் வரை போய்விட்டது.

மோட்டார் சைக்கிள் தந்தது டிலக்சனின் மாமா. தந்தவர் பக்கத்திலேயே நின்றார். தவமண்ணை அவரையும் எடுத்தார். வள்ளம் தந்தவர் வள்ளத்தில் இருந்தார். அவரையும் எடுத்தார். கஜனின் தாய் தட்டத்தில் தேத்தண்ணி கொண்டுவந்தார். தவமண்ணைக்குத் தட்டத்தைக் கண்டால் கை சும்மா இராது. தட்டத்தில் தொடங்கி முகத்துக்கு ஏற்றி எடுத்தார். அதற்குள் ஒழுங்கையெல்லாம் கதை போய்விட்டது. சனம் உடுத்திக்கொண்டு வந்தது. குழந்தைகளுக்குப் பவுடர் போட்டிருந்தார்கள். குடும்பம் குடும்பமாக வள்ளத்துக்கு முன்னால் நிற்க, தவமண்ணை பழக்கத்தில் "இஞ்சாலை பாருங்கோ, இஞ்சாலை பாருங்கோ" என்று எடுத்துக்கொண்டே போனார். அப்பா வலை பார்த்துவிட்டு வந்தவர், சைக்கிளைப் பிடித்தபடி ஒரு ஓரமாக நின்றார். கூட்டத்தில் நிற்கிற ஆள் இல்லை அவர். தவமண்ணை அவரையும் விடவில்லை.

கிளியக்கா வந்தது கடைசியில். அவர் கரையில் நண்டு வாங்கி, பனையோலைக் கடகத்தில் போட்டுத் தலையில் வைத்து, நல்லூர்ப் பக்கம் வீடு வீடாக விற்பவர். குரல் பெரிது. படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டால் கிணற்றடியில் நிற்கிற ஆளுக்குக் கேட்கும். மகள் கனடாவில். அன்றைக்கு நாங்கள் பாட்டின் நடுப்பகுதியை ஆடிக்கொண்டிருந்தோம். பாட்டு ஒலிபெருக்கியில் போனது. நாங்கள் கையை நீட்டி "ஒருக்கா நில்லு" என்று வாயசைக்கவும், கண்டல் பக்கமிருந்து கடகத்தோடு குறுக்கே வந்த கிளியக்கா டக்கென்று நின்றார். திரும்பி எங்களைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு ஒரு கையால் கடகத்தைப் பிடித்தபடி மற்றக் கையை நீட்டி ஏசத் தொடங்கினார். ஏசி முடித்து, நடந்து போனார். நாங்கள் ஆடிக்கொண்டே இருந்தோம். நிறுத்தச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.

தவமண்ணை அதை அப்படியே விட்டார். மேலே பாட்டுப் போனபடியால் கிளியக்காவின் குரல் கேட்காது. வாய் மட்டும் அசையும். அதற்கு மேல் தன் கொம்பியூட்டரில் இருந்த ரோசாப்பூ இதழ்களையும் விழவிட்டார். தொடக்கத்தில் பிள்ளையார் படம் போட்டு, எங்கள் ஒவ்வொருவரின் பெயருக்கும் கீழே தாய் தகப்பன் பெயரையும் எழுதி, செல்வப் புதல்வன் என்று முடித்திருந்தார். பார்த்துவிட்டுக் கஜன் கொஞ்ச நேரம் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தான். வேறு செலவுக்கு வழியில்லை. இன்ரநெற்றில் ஏற்றினோம்.

அதற்குப் பிறகு வந்த விமர்சனங்களை நான் மறக்கவில்லை.

முதலாவது சலூனில். முடி வெட்டுகிறவர் தன் போனில் பார்த்துவிட்டு, நாலு பேரும் ஒரே மாதிரித் தலை வெட்டியிருக்கலாம், என்னட்டை வந்திருக்கலாம் என்றார். பாட்டைப் பற்றிக் கேட்டதற்கு, பாட்டு இருந்தது என்றார். ரியூட்டரிப் பெடியள் எங்களைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி, கையை நீட்டி ஏசுவது மாதிரி வாயசைத்துக் காட்டுவார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கீழே எழுதினார்கள். அந்த வள்ளத்தடியில் நிற்பது எங்கடை மாமி என்று ஒருவர். அந்தப் புளியமரம் இன்னும் நிற்கிறதோ என்று ஒருவர். அந்த நாய் ஆருடையது என்றும் ஒருவர் கேட்டிருந்தார். எல்லாருக்கும் ஒரு கேள்வி பொதுவாக இருந்தது. அந்த அம்மா என்ன சொல்லி ஏசுகிறா?

சுஜீவன் ஒவ்வொரு நாளும் வந்து அதையெல்லாம் வாசிப்பான். குரல் என்ற சொல்லைத் தேடுவான். இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையின் கலைப்பக்கத்தில் எங்கள் பாட்டைப் பற்றி எழுதியிருந்தது. எழுதியவர் புனைபெயரில் எழுதுகிற ஒரு பழைய வாத்தியார் என்று சொன்னார்கள். கஜன் கடையில் வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். மதிலில் ஏறி இருந்து நாலு பேரும் வாசித்தோம். மெட்டு எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதாம். சொற்கள் பலமில்லையாம். இது பாட்டா கலியாண வீடா என்று தெரியவில்லையாம். ஆடுகிறவர்கள் சேற்றில் கால் புதைந்து நிற்பது நவீன நடனமா என்று கேட்டிருந்தார். முழுப் படத்திலும் உண்மையாக நடித்திருப்பது நண்டுக் கடகத்தோடு வருகிற பெண்மணி ஒருவர்தான், அவர் நின்று பார்க்கிற பார்வைக்காகவே இதைப் பார்க்கலாம் என்று முடித்திருந்தார்.

சுஜீவன் பத்திரிகையை மடித்துக் கஜனிடம் கொடுத்தான். பிறகு கேட்டான்.

"பாடினதைப் பற்றி ஒரு வசனம் எழுதினா என்ன குறையும்?"

கஜன் பத்திரிகையைச் சேட்டுக்குள் செருகினான்.

கிளியக்காவுக்கு வாசிக்க வராது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டார். அந்தத் துண்டை வெட்டி, முன்னறையில் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினார். நண்டு விற்கப் போகிற இடமெல்லாம், உங்கை நான் நடிச்ச பாட்டுப் பாத்தனியளோ என்று கேட்டார். நல்லூரில் சில வீடுகளில் நண்டு வாங்காதவர்களும் அவரைப் பார்க்கப் படலைக்கு வந்தார்கள். மகள் கனடாவிலிருந்து போன் எடுத்து, அங்கே சனம் தன்னை "பாட்டுக்காரம்மான்ரை மகள்" என்கிறது என்று சொன்னாளாம். கிளியக்கா அதைக் கரையில் எல்லாருக்கும் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் ரி.வி.யில் இருந்து போன் வந்தது. சனிக்கிழமைப் பின்னேரங்களில் இளைஞர்களின் பாட்டுகளைப் போடுகிற நிகழ்ச்சி ஒன்று. பாட்டைப் போடலாம் என்றார்கள். நீளத்தைக் குறைக்கவேண்டும், ஊராட்கள் இருக்கக்கூடாது, பெடியள் மட்டும் இருக்கவேண்டும், அந்த வார முடிவுக்குள் தரவேண்டும் என்றார்கள்.

சுஜீவன் தவமண்ணையிடம் போனான். நானும் போனேன். தவமண்ணை முழுவதையும் கேட்டார்.

"தம்பி, நான் வெட்டமாட்டன். உன்னிலை கோவம் இல்லை. வெட்டினா நாளைக்கு இந்தச் சனத்தின்ரை கலியாணவீட்டுக்குள்ளை நான் கமராவோடை போகேலாது."

"அண்ணை, இது கலியாண வீடு இல்லை."

"உனக்கு இல்லை. அவைக்கு?"

ஆனால் எடுத்ததையெல்லாம் ஒரு சீ.டி. தட்டில் பதிந்து தந்தார். நீ வெட்டுறதெண்டா வெட்டு, எனக்குச் சொல்லாதை என்றார்.

நல்லூருக்கு அடுத்த திருநெல்வேலியில், கம்பஸில் படிக்கிற பெடியள் தங்கியிருக்கிற பக்கத்தில் ஒரு கொம்பியூட்டர்க் கடை இருந்தது. அங்கே வேலை செய்தவரும் கம்பஸ்காரர்தான். சைக்கிளில் போனோம். சுஜீவன் மிதித்தான், நான் முன்னுக்கு இருந்தேன். பலாலி றோட்டில் பஸ்கள் உரசிக்கொண்டு போயின.

கடைக்காரர் தட்டைப் போட்டுப் பார்த்துச் சிரித்தார். பிறகு வேலையைத் தொடங்கினார். ஆள் வர நிறுத்தி, இது ஆர் என்று கேட்பார். சுஜீவன் சொல்வான். டிலக்சன்ரை மாமா. வெட்டினார். வள்ளக்காரர். வெட்டினார். கஜன்ரை அம்மா. தட்டமும் தேத்தண்ணியும் போயின. சாந்தியக்கா வந்தார், தைத்த புதுச் சட்டையோடு. என்ரை அம்மா என்றான். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். வெட்டுங்கோ என்றான் சுஜீவன். பிறகு அப்பா வந்தார், சைக்கிளைப் பிடித்தபடி. இது ஆர் என்று கேட்டதற்குச் சுஜீவன் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தான். என்ரை அப்பா, வெட்டுங்கோ என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் தன் தாயையே வெட்டிவிட்டுத்தான் என்னைப் பார்த்தான்.

கிளியக்கா வந்தபோது மட்டும் சுஜீவன் கையை மேசையில் வைத்தான்.

"அண்ணை, இவவை மட்டும் விடுவமோ?"

கடைக்காரர் இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். "விடலாம் தம்பி. ஆனா இவ நிண்டா ஒருத்தரும் உம்மைப் பாக்கமாட்டினம்" என்றார்.

சுஜீவன் கையை எடுத்தான்.

ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தோம். கஜன் சொல்வான் என்று டிலக்சனும், டிலக்சன் சொல்வான் என்று கஜனும் இருந்துவிட்டார்கள். என்னிடம் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. சுஜீவன் இரண்டு தரம் கிளியக்காவின் படலை வரை போனவன், அவர் உள்ளேயிருந்து வா மோனை, வா மோனை என்று கூப்பிட்ட கூப்பிடுதலில் ஒன்றும் சொல்லாமல், சனிக்கிழமை போடுகினம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

சனிக்கிழமை எல்லாரும் கிளியக்கா வீட்டில் கூடினார்கள். அந்த ஒழுங்கையில் பெரிய ரி.வி. அவரிடம்தான் இருந்தது. மகள் அனுப்பிய காசில் வாங்கியது. கதிரைகள் முற்றத்தில் இருந்தன, ரி.வி.யை யன்னலுக்கு நேரே திருப்பி வைத்திருந்தார்கள். கிளியக்கா வடை சுட்டிருந்தார். வீடியோ எடுத்த அன்று உடுத்தியதையே திரும்பவும் உடுத்திக்கொண்டு சிலர் வந்திருந்தார்கள். கனடாவில் மகளும் முழித்திருந்து போனில் காத்திருந்தாள். அப்பாவும் வந்து படலையடியில் நின்றார். சுஜீவன் உள்ளே வரவில்லை. மதிலுக்கு வெளியே, தலை மட்டும் தெரிய நின்றான்.

பாட்டு வந்தது. பிள்ளையார் இல்லை, செல்வப் புதல்வன் இல்லை, ரோசாப்பூ இல்லை. நாலு பேர் சேற்றில் ஆடினோம். வள்ளம் வந்தது, ஆள் இல்லை. மோட்டார் சைக்கிள் வந்தது, மாமா இல்லை. சனம் முன்னுக்குச் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. இனி வரும், இனி வரும் என்று ஒருவர் சொன்னார். நாங்கள் கையை நீட்டி "ஒருக்கா நில்லு" என்றோம். கண்டல் பற்றை மட்டும் நின்றது. பாட்டு முடிந்து விளம்பரம் வந்தது.

ஒருவரும் எழும்பவில்லை. டிலக்சனின் மாமாதான் முதலில் கதைத்தார்.

"மோட்டார் சைக்கிள் வடிவா வந்திருக்கு" என்றார்.

கிளியக்கா போனைக் காதில் வைத்து, ஓம் பிள்ளை, பாத்தனான், பிறகு கதைக்கிறன் என்று சொல்லி வைத்தார். எழும்பி உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். எல்லாருக்கும் வடை கொடுத்தார். வெளியிலை நிக்கிறவனையும் குடிச்சிட்டுப் போகச் சொல்லு என்று என்னிடம் சொன்னார். நான் போய்ப் பார்த்தபோது மதிலடியில் ஆள் இல்லை. திரும்பி வந்து அப்பாவோடு வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் அப்பா சொன்னார், "நீ நல்லா நிண்டாய்."

அடுத்த நாள் காலை சுஜீவன் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் ஒரு பயணப் பை. சாந்தியக்கா அவனுடைய சேட்டுகளை மடித்து அதற்குள் வைத்துக்கொண்டிருந்தார். சுஜீவன் தூணில் சாய்ந்து நின்றான்.

"ரி.வி.யிலை வந்தா நிக்கலாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றான்.

"சொன்னனான். சனத்தை வெட்டிப்போட்டு வா எண்டு சொன்னனானோ? இந்த ஒழுங்கையாலை நான் இனி எப்பிடிப் போறது? கிளியக்கான்ரை மூஞ்சியிலை எப்பிடி முழிக்கிறது? நாளைக்கு முதல் பஸ். எழும்பு."

தன்னை வெட்டியதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அப்போதுதான் படலை திறந்தது. கிளியக்கா கடகத்தோடு வந்தார். எப்போதும் வெளியில் நின்று கூப்பிடுகிறவர், அன்று கூப்பிடாமல் வந்து, கடகத்தை இறக்கி விறாந்தை விளிம்பில் வைத்துவிட்டு இருந்தார். சாந்தியக்கா எழும்பி, அக்கை, பெடியன் செய்தது பெரிய பிழை என்று தொடங்கினார். கிளியக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிழைதான். சொல்லிப்போட்டு வெட்டியிருக்கலாம். வடை சுட்டு வச்சுக்கொண்டு விசரி மாதிரி இருந்தன். அது வேறை கதை. உந்தப் பை என்னத்துக்கு?"

வவுனியா என்றார் சாந்தியக்கா. இரும்புக்கடை என்றார். கிளியக்கா கொஞ்ச நேரம் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

"சாந்தி, அந்தப் பாட்டை நான் எத்தினை தரம் பாத்திருப்பன். என்ரை மூஞ்சியைத்தான் பாத்தனான். நான் எப்ப வருவன், எப்ப வருவன் எண்டு பாத்துக்கொண்டிருந்ததிலை பாட்டைக் கேக்கேல்லை. இந்த ஊரிலை ஒருத்தரும் கேக்கேல்லை. நேற்றுத்தான் பாக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. நேற்றுத்தான் கேட்டனான்."

சுஜீவன் தூணிலிருந்து நிமிர்ந்தான்.

"இரவு படுத்தும் அதுதான் காதுக்குள்ளை நிண்டது. என்ன குரல் உவன்ரை. நீ பெத்ததெண்டு உனக்குத் தெரியேல்லை. உந்தத் தொண்டையைக் கொண்டுபோய் ஆணி நிறுக்க விடப்போறியே?"

மடித்த சேட்டு ஒன்று சாந்தியக்காவின் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டே நின்றார். கிளியக்கா எழும்பி, ஒரு சட்டியை எடுத்துவரச் சொல்லி, பெரிய நண்டாகப் பார்த்துப் போட்டார். மத்தியானம் குழம்பு வையுங்கோ என்றார். கடகத்தைத் தலையில் தூக்கிவிட நான் கை கொடுத்தேன். படலையடியில் திரும்பி நின்று சுஜீவனைப் பார்த்தார்.

"எடேய், அடுத்த பாட்டிலை என்னை வெட்டினியோ, பிறகு தெரியும்."

அன்று மத்தியானம் நானும் அங்கேதான் சாப்பிட்டேன். பை பின்னேரம்வரை விறாந்தையில் இருந்தது. பிறகு சாந்தியக்கா சேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் கொடியில் போட்டார்.

அடுத்த பாட்டு என்று ஒன்று வரவில்லை. கஜன் லண்டன் போனான். டிலக்சன் கொழும்பில் ஒரு கடையில் சேர்ந்தான். நான் மாபிள் பதிக்கிற வேலைக்குப் போனேன், இன்றைக்கும் அதுதான். சுஜீவன் நல்லூரில் ஒரு இசைக்குழுவில் சேர்ந்து திருவிழா மேடைகளிலும் கலியாண மண்டபங்களிலும் பாடுகிறான். பெரிய பெயர் இல்லை. ஆனால் சுஜீவன் பாடுகிறான் என்றால் சாப்பாட்டுப் பந்தியில் இருக்கிற சனம் கொஞ்சம் கதையைக் குறைக்கும். தவமண்ணையின் மகன் இப்போது மேலே பறக்கிற கமராவால் எடுக்கிறான். அதில் ஒருவரின் முகமும் தெரியாது. யாரும் கோபிப்பதும் இல்லை.

ரி.வி.யில் போட்ட வெட்டிய பாட்டு இப்போது எங்கும் இல்லை. அந்த நிகழ்ச்சியும் நின்றுவிட்டது. தவமண்ணை செய்தது மட்டும் இன்ரநெற்றில் கிடக்கிறது, பிள்ளையாரோடும் பூவோடும். நாங்கள் ஆடிய இடத்தில் கல் அடுக்கிவிட்டார்கள். சேறும் இல்லை, கண்டலும் குறைவு. வள்ளத்துக்கு முன்னால் குடும்பமாக நின்றவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில். அப்பா போய்விட்டார். சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தைத் தவிர, அசைகிற படமாக அவர் வேறு எங்கும் இல்லை. கிளியக்காவை மகள் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டாள். அங்கே ஒரு மாரியில் கண்ணை மூடினார். அவரை அறியாத பிள்ளைகள் இன்றும் பாட்டுக்குக் கீழே எழுதுகிறார்கள், அந்த அம்மா என்ன சொல்லி ஏசுகிறா என்று. கஜனோ டிலக்சனோ பதில் எழுதியதாகத் தெரியவில்லை. எனக்கு அதிலே எழுதத் தெரியாது.

போன கிழமை நல்லூரில் ஒரு வீட்டில் வேலை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பதித்துக் காய்ந்த நிலத்தில் இருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்துச் சோடி ஒன்று பின்மதிலில் காய்ந்துகொண்டிருந்தது. மணம் வந்தது. போனை எடுத்துப் பாட்டைப் போட்டேன். நான் எப்போதும் இரண்டு தரம் போடுவேன். முதல் தரம் ஆட்களைப் பார்ப்பேன், எல்லாரையும், நாயையும். இரண்டாம் தரம் போனை நிலத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பேன். அப்போதுதான் சுஜீவன் கேட்பான். நடுவில் "ஒருக்கா நில்லு" வரும்போது, கவிழ்ந்து கிடக்கிற போனுக்குள் கிளியக்கா நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் வாய் அசைவதும் தெரியும். அந்த இடத்தில் நின்ற எங்களுக்குத்தான் அது கேட்டது.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஆடுங்கோடா. தாய் விடிய எழும்பிப் பூசின வெள்ளை."